பல்கலைக்கழகத்தில் ஒரு கலைஞரைத் தங்கவைக்கப் பணம் திரட்டுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அடுத்த கல்வியாண்டில் ஒரு கலைஞரை வரவழைத்து ஒன்றிரண்டு மாதம் துறையில் தங்கவைக்கலாமே" என்று துறைக் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். பொறுப்பு உங்கள் தலையில் விழும். பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அப்படி மாட்டிக்கொண்ட விரிவுரையாளர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு மணி நேரம் பேசிவிட்டு அடுத்த ரயிலில் கிளம்புவது சிறப்புரை. இரண்டு நாள் மாணவர்களோடு உட்கார்ந்து செய்து காட்டுவது பயிலரங்கு. ரெசிடென்சி என்றால் கலைஞர் வளாகத்திலோ பக்கத்திலோ வாரக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், தங்கித் தன் சொந்த வேலையைச் செய்கிறார். அதன் நடுவே மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் பழகுகிறார். 'தன் சொந்த வேலை' என்பதுதான் இதில் முக்கியம். அது இல்லையென்றால் நீங்கள் நடத்துவது நீண்ட பயிலரங்கு, அவ்வளவுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடியாகப் பலரும் காட்டுவது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தை. 1936-இல் அங்கே ஜான் ஸ்டூவர்ட் கர்ரி என்ற ஓவியரை அழைத்து அமர்த்தினார்கள். அமர்த்தியது ஓவியத் துறை அல்ல, வேளாண் கல்லூரி. ஊதியம் வந்தது பிரிட்டிங்ஹாம் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணத்திலிருந்து. வழக்கமான வகுப்பு எடுக்கும் கடமை அவருக்கு இல்லை. வளாகத்தில் ஓவியக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள், ஊர்ப்புறங்களில் படம் வரைபவர்களைச் சந்தித்துப் பேசி ஊக்கம் கொடுத்தார். 1946-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். புதிதாக இறங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. அழைக்கும் துறை கலைத் துறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பணம் துறையின் ஆண்டு பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை.

படி 1: பட்ஜெட்டுக்கு முன்னால் வார அட்டவணை

பெரும்பாலோர் எக்செல் தாளைத் திறந்து 'மதிப்பூதியம், பயணம், தங்குமிடம்' என்று தட்டச்சு செய்வதில் தொடங்குகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஏழு கட்டம் போட்டு, கலைஞர் இங்கே இருக்கும்போது அவருடைய ஒரு சராசரி வாரம் எப்படி ஓடும் என்று எழுதுங்கள். யாரிடம் பணம் கேட்கலாம் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உதாரணமாக, ஒரு பீங்கான் சிற்பி ஆறு வாரம் வருகிறார், அழைப்பது புவியியல் துறை என்று வைத்துக்கொள்வோம். திங்களும் செவ்வாயும் முழுக்கத் தன் பணிக்கூடத்தில் வேலை. புதன் காலை முதுகலை மாணவர்களின் வகுப்பில் ஒன்றரை மணி நேரம், மாலை சும்மா. வியாழன் மண்ணாய்வுக் கூடத்தில் ஆராய்ச்சியாளர்களோடு மாதிரிகளைப் பார்க்கிறார். வெள்ளி காலை அவருடைய கூடத்தின் கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், மாலையில் சூளை அடுக்குதல். சனியும் ஞாயிறும் அவருடையவை. இது தவிர ஆறு வாரத்தில் ஒரு பொது உரை, ஒரு மாணவர் பயிலரங்கு, கடைசி வாரத்தில் ஒரு சிறு கண்காட்சி.

இப்போது ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து 'இது யாருக்கு வேண்டும்?' என்று கேளுங்கள். புதன் வகுப்பு துறைக்கு வேண்டும், எனவே துறையின் கற்பித்தல் செலவில் சேரும். பொது உரையை ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவில் அடக்கிவிடலாம். வியாழன் ஆய்வுக்கூட நேரத்தில் ஆராய்ச்சியை வெளியுலகுக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு இருப்பதால், ஆராய்ச்சித் திட்டத்தின் மக்கள் தொடர்புச் செலவில் இடம் இருக்கலாம். பயிலரங்கு மாணவர் பேரவைக்கு. கண்காட்சி வளாக அருங்காட்சியகத்துக்கு.

மிச்சம் இருப்பது திங்களும் செவ்வாயும். கலைஞர் தன் கூடத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம். பல்கலைக்கழகத்துக்குள் யாரும் அதைத் தன்னுடையது என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். 'இவ்வளவு கொடுக்கிறோம், இன்னும் இரண்டு வகுப்பு எடுக்கட்டுமே' என்று ஒரு குரல் கட்டாயம் எழும். என் தீர்மானமான கருத்து இது: வெளியிலிருந்து நீங்கள் திரட்டும் பணம் முதன்மையாக இந்தக் கூட நேரத்துக்காக இருக்க வேண்டும். நிகழ்ச்சிகளுக்கான பணத்தை உள்ளேயே பொறுக்கி எடுத்துவிடலாம். வேலை நேரத்தில் குறைந்தது பாதி கலைஞருடையதாக இல்லாத அட்டவணையை நான் ரெசிடென்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தத் தாளைக் கலைஞரிடமும் காட்டுங்கள். சிலர் 'எனக்கு இவ்வளவு தனிமை வேண்டாம், மாணவர்கள் வந்துபோனால்தான் வேலை ஓடும்' என்பார்கள். சரி, மாற்றிக்கொள்ளலாம். பணம் வந்த பிறகு மாற்றுவதைவிட இப்போது மாற்றுவது எளிது.

படி 2: செலவைக் கணக்கிடுதல்

இனி எக்செலைத் திறக்கலாம். முதல் வரி மதிப்பூதியம். எவ்வளவு என்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கைகொடுக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று, அதே கால அளவுக்கு உங்கள் பல்கலைக்கழகம் ஒரு வருகைப் பேராசிரியருக்கு என்ன கொடுக்கிறது என்பது. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஆறு வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள். இரண்டாவது, கலைஞர் அமைப்புகளே வெளியிடும் கட்டணப் பட்டியல்கள். கனடாவில் 1968-இல் தொடங்கிய கார்ஃபாக் என்ற கலைஞர் சங்கம் குறைந்தபட்சக் கட்டண அட்டவணையை வெளியிட்டுவருகிறது. நியூயார்க்கில் 2008-இல் உருவான வேஜ் என்ற குழு, நிறுவனத்தின் ஆண்டுச் செலவை வைத்துக் கலைஞருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடும் முறையை வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், எந்தெந்த வேலைக்குத் தனித்தனியாகக் காசு என்று பிரித்துப் பார்க்க இவை பழக்கும்.

மதிப்பூதியத்தையும் செலவுத்தொகையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அந்த மொத்தத் தொகையும் வருமானமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படலாம். விமானச் சீட்டுக்கான பணத்துக்கும் சேர்த்துக் கலைஞர் வரி கட்டுவார். வெளிநாட்டுக் கலைஞர் என்றால் இது இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்காவில் அங்கே குடியிருக்காத வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தில், வரி உடன்படிக்கைச் சலுகை இல்லையென்றால், பொதுவாக 30 சதவீதம் முதலிலேயே பிடித்துவிடுவார்கள். அந்த நிலையில் கலைஞர் கையில் 100 போய்ச் சேர வேண்டுமென்றால் பட்ஜெட்டில் கிட்டத்தட்ட 143 இருக்க வேண்டும். கலைஞரிடம் நீங்கள் சொன்ன தொகை வரிக்கு முன்னாலா, பின்னாலா? முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மனக்கசப்பில் பாதி இந்த ஒரு வரி இல்லாததால் வருகிறது.

அடுத்தது தங்குமிடம். வளாக விருந்தினர் விடுதியில் ஒரு வாரம் இருக்கலாம், ஆறு வாரம் இருக்க முடியாது. சமைத்துக்கொள்ள வசதியுள்ள வீடாகப் பாருங்கள். கலைஞருக்குக் குழந்தை இருந்தால், துணைக்கு ஒருவர் தேவைப்பட்டால், சக்கர நாற்காலி போகும் வழி வேண்டுமென்றால், அதெல்லாம் பட்ஜெட்டில் வரவேண்டிய வரிகள்தான். அழைப்புக் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். பிறகு 'சமாளித்துக்கொள்ளலாம்' என்று விட்டால் சமாளிப்பவர் கலைஞராகத்தான் இருப்பார்.

பயணம், விசா கட்டணம், மருத்துவக் காப்பீடு, தினப்படி ஆகியவை எல்லோருக்கும் நினைவில் இருக்கும். மறந்துபோகும் வரிகளைச் சொல்கிறேன். படைப்புகளைத் திருப்பி அனுப்பும் செலவு. வரும்போது இரண்டு பெட்டியோடு வந்தவர் போகும்போது எட்டுப் பீங்கான் உருவங்களோடு நிற்பார். சூளையையோ ஒலிக்கருவியையோ இயக்கத் தெரிந்த தொழில்நுட்பப் பணியாளரின் கூடுதல் நேரம். மாணவ உதவியாளருக்கான சம்பளம். கூடத்தின் சாவி, இணைய அனுமதி, நூலக அட்டை போன்றவற்றுக்குப் பணம் தேவைப்படாது, ஆனால் யாரோ ஒருவரின் நேரம் தேவைப்படும். புகைப்படம் எடுப்பவர். படைப்புகளுக்கும் பார்வையாளர்களுக்குமான காப்பீடு.

எதற்கு எவ்வளவு என்று ஒரு தோராயம் வேண்டுமானால், மொத்தத்தை 100 பங்காக வைத்து நான் இப்படிப் பிரிப்பேன்: மதிப்பூதியம் 40, தங்குமிடம் 15, பயணமும் விசாவும் காப்பீடும் 12, பொருள்களும் தொழில்நுட்ப உதவியும் 12, மாணவ உதவியாளர் 6, ஆவணப்படுத்தலும் பொது நிகழ்ச்சியும் 6, எதிர்பாராத செலவு 9. இது வெளியூர்க் கலைஞருக்கு. கலைஞர் உள்ளூர்க்காரர் என்றால் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் ஒதுக்கியதை மதிப்பூதியத்தில் சேருங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள். மதிப்பூதியம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குகிறதென்றால், பணம் விமான நிறுவனத்துக்கும் விடுதிக்கும் போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, மேல்நிலைச் செலவு. வெளியிலிருந்து வரும் நல்கையில் ஒரு சதவீதத்தைப் பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவென்று எடுத்துக்கொள்ளும். சில அறக்கட்டளைகள் அதைத் தர மாட்டோம் என்று விதியிலேயே எழுதியிருக்கும். விண்ணப்பம் எழுதும் முன்பே நிதிப் பிரிவில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்கை கிடைத்த பிறகு தெரிந்தால் கலைஞரின் பங்கிலிருந்துதான் அது போகும்.

படி 3: முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

வெளியே கேட்கும் எவரும் முதலில் பார்ப்பது 'உங்கள் பல்கலைக்கழகம் என்ன போடுகிறது?' என்பதைத்தான். அமெரிக்காவின் தேசியக் கலை நல்கை அமைப்பு (சுருக்கமாக என்.இ.ஏ.) தன் திட்ட நல்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் ஈடுதொகை கேட்கிறது, அதாவது அவர்கள் தரும் ஒவ்வொரு காசுக்கும் உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு காசு வர வேண்டும். அப்படிக் கட்டாயமாகக் கேட்காத இடத்திலும் உள்ளிருந்து ஒரு காசும் வராத திட்டத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

உள்ளே தேடத் தகுந்த இடங்களில் எனக்குப் பிடித்தது விடுப்பில் போன ஆசிரியரின் சம்பளம். ஒருவர் ஆய்வு விடுப்பிலோ சம்பளமில்லா விடுப்பிலோ போகும்போது, அவருடைய பாடங்களை நடத்த ஒரு தொகை ஒதுக்கப்படும், அல்லது சம்பளத்தில் ஒரு பகுதி மிஞ்சும். அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைக் கலைஞர் நடத்துவதாக வைத்தால் மதிப்பூதியத்தில் கணிசமான பகுதி அங்கிருந்தே வந்துவிடும். இதில் ஒரு அபாயமும் இருக்கிறது. பாடம் நடத்துவது கூட நேரத்தைத் தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு முறை கூடும் ஒரே ஒரு பாடம், அதுவும் கலைஞர் செய்துகொண்டிருக்கும் வேலையை ஒட்டியது என்று வரம்பு கட்டுங்கள்.

அடுத்து அறக்கட்டளைச் சொற்பொழிவுகள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் யாரோ ஒருவர் பெயரில் ஒரு வைப்பு நிதி இருக்கும், ஆண்டுக்கு ஓர் உரை நடத்த வேண்டும், ஆள் கிடைக்காமல் இரண்டு ஆண்டாக வட்டி சேர்ந்துகொண்டிருக்கும். பதிவாளர் அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். பத்திரத்தில் 'கலை', 'பண்பாடு', 'சமூகம்' என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால் போதும், கலைஞரின் பொது உரையை அங்கே பொருத்திவிடலாம்.

டீனின் விருப்புரிமை நிதி, துணைவேந்தர் அலுவலக நிதி ஆகியவை சிறியவையாக இருக்கும், ஆனால் விரைவாகக் கிடைக்கும். அவற்றை முதலில் கேளுங்கள். தொகைக்காக அல்ல, கையெழுத்துக்காக. ஒரு டீன் சிறிய தொகைக்கு ஒப்புதல் கொடுத்த கடிதம் கையில் இருந்தால் அடுத்த அலுவலகத்தில் பேச்சே மாறும். நிதியாண்டு முடிகிற கடைசி இரண்டு மாதத்தில் செலவழியாத பணம் பல துறைகளில் இருக்கும், பொருள் வாங்குவதற்கு அதைக் கேட்கலாம். மதிப்பூதியத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள், கோப்பு நகர்வதற்குள் ஆண்டு முடிந்துவிடும்.

பணமாக இல்லாமல் இடமாகவும் உழைப்பாகவும் கிடைப்பதையும் கணக்கில் எழுதுங்கள். கூடம், வீடு, தொழில்நுட்பப் பணியாளரின் நேரம், அச்சுச் செலவு எல்லாவற்றுக்கும் நியாயமான மதிப்புப் போட்டு, தருகிற அலுவலகத்தின் கடிதத்தோடு இணைத்தால், பல நல்கை அமைப்புகள் அதையும் உங்கள் பங்காக ஏற்கும். வாய்ச்சொல் போதாது. 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இந்த எண்ணுள்ள அறை இவருக்கு ஒதுக்கப்படும்' என்ற அளவுக்குக் கடிதம் திட்டவட்டமாக இருக்க வேண்டும். 'இயன்ற உதவிகள் செய்யப்படும்' என்பது கடிதமே அல்ல.

படி 4: வெளியே கேட்பது

வெளியே பணம் தருபவர்கள் பல வகை, ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. அதோடு உங்கள் வார அட்டவணையின் எந்தக் கட்டம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

பிற நாடுகளின் பண்பாட்டு நிறுவனங்கள், அதாவது ஜெர்மனியின் கோத்தே இன்ஸ்டிடியூட், ஜப்பான் ஃபவுண்டேஷன், பிரிட்டிஷ் கவுன்சில், பிரான்ஸின் இன்ஸ்டிடியூட் ஃபிரான்சே போன்றவை, பெரும்பாலும் தங்கள் நாட்டுக் கலைஞர்களோடு தொடர்புடைய முயற்சிகளுக்கு உதவுகின்றன. பயணச் செலவுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு அது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் ஸ்பெஷலிஸ்ட் திட்டம் அந்த நாட்டு நிபுணர்களை 2 முதல் 6 வாரத்துக்கு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அதில் தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகியவை அழைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. கற்பிப்பதும் கலந்தாலோசிப்பதுமே அதன் மையம் என்பதால் கூட நேரத்துக்கு அது பொருந்தாது.

பிரிட்டனின் லெவர்ஹ்யூம் அறக்கட்டளை முன்பு நடத்திய தங்கும் கலைஞர் நல்கையில் ஒரு நல்ல விதி இருந்தது. கலைஞரின் துறையும் அழைக்கும் துறையும் வேறுவேறாக இருக்க வேண்டும். இசைத் துறை இசையமைப்பாளரை அழைக்க முடியாது, இயற்பியல் துறை கவிஞரை அழைக்கலாம். எங்கே விண்ணப்பித்தாலும் இந்த எண்ணம் உதவும். ஓவியத் துறை ஓவியரை அழைத்தால் 'இது உங்கள் வழக்கமான செலவுதானே' என்று கேட்க இடம் இருக்கிறது. மண்ணாய்வுக் கூடம் பீங்கான் சிற்பியை அழைத்தால் அந்தக் கேள்வி எழாது.

பெரிய அறக்கட்டளைகள் ஒரே ஒரு கலைஞரின் வருகைக்கு அவ்வளவாகப் பணம் தருவதில்லை, ஒரு திட்டத்தைத் தொடங்கத்தான் தருகின்றன. எம்.ஐ.டி.யில் 1967-இல் ஜியோர்ஜி கெப்பஷ் ஒரு காட்சிக்கலை ஆய்வு மையத்தைத் தொடங்கிக் கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தார். அதே வளாகத்தில் 2012-இல் கலை, அறிவியல், தொழில்நுட்பம் மூன்றுக்குமான மையம் மெலன் அறக்கட்டளையின் நல்கையோடு உருவானது, வருகைதரு கலைஞர்களை அது தொடர்ந்து அழைக்கிறது. பெர்லினில் 1963-இல் ஃபோர்டு அறக்கட்டளை பணம் போட்டுத் தொடங்கிய கலைஞர் அழைப்புத் திட்டத்தைச் சில ஆண்டுகளிலேயே ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் ஏற்றுக்கொண்டது, இன்றும் நடக்கிறது. 'எங்கள் பணம் தீர்ந்த பிறகு யார் ஏற்பார்?' என்பது அறக்கட்டளை அதிகாரியின் மனதில் இருக்கும் கேள்வி. பதிலோடு போங்கள்.

தனி நன்கொடையாளர்களை நீங்களாகப் போய்ப் பார்க்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவிடம் முதலில் சொல்லுங்கள். அவர்கள் அதே ஆளிடம் ஒரு கட்டடத்துக்குப் பெரிய தொகை பேசிக்கொண்டிருக்கலாம், நடுவில் நீங்கள் போய்ச் சூளைக்குச் செங்கல் கேட்டால் இரண்டு பக்கமும் சங்கடம்.

பக்கத்து நகரங்களின் பல்கலைக்கழகங்கள், அருங்காட்சியகங்களோடு சேர்ந்து அழைப்பதும் நல்ல வழி. மூன்று இடம் சேர்ந்தால் பயணச் செலவு மூன்றில் ஒன்றாகிவிடும். ஆனால் மூன்று இடமும் தலா நான்கு நிகழ்ச்சி கேட்கும், கலைஞர் பெட்டியோடு அலைவார். கூட நேரம் எந்த இடத்தில் என்று ஒரே இடத்தை முடிவு செய்துவிட்டு, மற்ற இரண்டும் ஆளுக்கு இரண்டு நாள் என்று எழுத்தில் வையுங்கள்.

தங்கள் நாட்டில் ஆபத்தில் இருக்கும் கலைஞர்களுக்கென்று தனி வழிகள் உண்டு. அமெரிக்காவின் சர்வதேசக் கல்வி நிறுவனம் 2015-இல் தொடங்கிய கலைஞர் பாதுகாப்பு நிதி அப்படிப்பட்டவர்களைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தங்கவைக்க உதவுகிறது. திடீர்த் தேவைக்குக் கை நீட்ட முடிந்த பல்கலைக்கழகங்கள் எதிர்பாராத பலனைக் கண்டதும் உண்டு. 1940 மே மாதம் பெல்ஜியத்தின் புரோ ஆர்ட்டே நால்வர் இசைக்குழு விஸ்கான்சினின் மேடிசனில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் நாட்டுக்குள் நாஜிப் படை நுழைந்துவிட்டது. திரும்ப இடமில்லை. பல்கலைக்கழகம் அவர்களைத் தங்கச் சொன்னது. அந்தக் குழு, ஆட்கள் மாறி மாறி, இன்றும் அங்கேயே இருக்கிறது.

படி 5: விண்ணப்பம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 'புகழ்பெற்ற கலைஞரின் வருகை மாணவர்களின் படைப்பாற்றலைத் தூண்டும்' என்ற வாக்கியம் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். படிப்பவர் கண் அதன்மேல் நிற்காது. அதற்குப் பதிலாக, 'ஆறு வாரமும் திங்கள், செவ்வாய் கிழமைகளில் கலைஞர் மண்ணாய்வுக் கூடத்தை ஒட்டிய அறையில் வேலை செய்வார். இந்த ஆற்றங்கரையின் ஐந்து இடங்களில் எடுத்த களிமண்ணைச் சுட்டு, நிறமும் விரிசலும் எப்படி மாறுகின்றன என்று ஆய்வாளர்களோடு சேர்ந்து பதிவு செய்வார்' என்று எழுதுங்கள். யார், எங்கே, எந்தக் கிழமை என்ன செய்வார் என்று தெரிந்தால்தான் படிப்பவருக்கு நம்பிக்கை வரும். வார அட்டவணையை அப்படியே பின்னிணைப்பாக வையுங்கள்.

விளைவாக ஒரு முடிந்த படைப்பைத் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆறு வாரத்தில் ஒரு சிற்பம் முடியும் என்று எழுதிவிட்டு முடியாமல் போனால் கணக்கு முடிக்கும்போது அதற்கு விளக்கம் எழுத வேண்டிவரும். நடக்கப்போகும் சந்திப்புகளுக்கும் பதிவுகளுக்கும் வாக்குக் கொடுங்கள், அவை உங்கள் கையில் இருக்கின்றன.

படி 6: பணம் கலைஞர் கைக்குப் போகும் வழி

ஒப்புதல் கடிதம் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். என் பார்வையில் பாதிதான் முடிந்திருக்கிறது. பல்கலைக்கழகக் கணக்கு முறை கணினி வாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதற்குள் ஒரு மனிதரை நுழைப்பது தனி வித்தை.

விசா வகையை முதலில் பாருங்கள், ஏனென்றால் பணம் கொடுக்க முடியுமா என்பதையே அது தீர்மானிக்கும். அமெரிக்காவில் வருகையாளர் விசாவில் இருப்பவருக்கு ஒரு கல்வி நிறுவனம் மதிப்பூதியம் தர வேண்டுமென்றால், அங்கே நடக்கும் பணி 9 நாளைத் தாண்டக் கூடாது; முந்தைய ஆறு மாதத்தில் அவர் 5 நிறுவனங்களுக்கு மேல் இப்படி வாங்கியிருக்கவும் கூடாது. ஆறு வாரத்துக்கு அது உதவாது, வேறு வகை வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஏதாவது ஒரு முடிச்சு இருக்கும். சர்வதேச அலுவலகத்தில் தேதி, தொகை, பணியின் தன்மை மூன்றையும் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பிறகு கலைஞரைக் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்யும் வேலை. வங்கி விவரம், வரி எண், அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். வந்து சேர்ந்த பிறகு தொடங்கினால் முதல் தொகை அவர் கிளம்பும் நாளில்தான் வரும். வருவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

'நீங்களே சீட்டு வாங்கிவிடுங்கள், ரசீது கொடுத்தால் திருப்பித் தருவோம்' என்று ஒரு கலைஞரிடம் சொல்வதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லாதவருக்கு அது வட்டியில்லாக் கடன் கேட்பதற்குச் சமம். விமானச் சீட்டையும் வீட்டு வாடகையையும் பல்கலைக்கழகமே நேரடியாகக் கட்டட்டும். மதிப்பூதியத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு பகுதி, வந்து சேர்ந்ததும் ஒரு பகுதி, கடைசி வாரத்தில் மிச்சம். 'பணி முடிந்த பிறகே பணம்' என்று நிதிப் பிரிவு சொன்னால், முன்னேற்பாட்டுப் பணிக்கென்று ஒரு தனித் தவணையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்தப் பணி உண்மையில் நடக்கத்தான் செய்கிறது. கலைஞர் மாதக்கணக்கில் உங்களோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் அல்லவா?

ஒப்பந்தப் படிவம் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் கொள்முதல் பிரிவின் பொதுப் படிவத்தையே அனுப்புவார்கள். அதன் நடுப்பக்கத்தில் எங்கோ, 'இந்தப் பணியின்போது உருவாகும் அனைத்தின் உரிமையும் நிறுவனத்தைச் சேரும்' என்று ஒரு பிரிவு இருக்கும். மென்பொருள் எழுதுபவருக்காக வைத்தது அது. கலைஞரிடம் அப்படியே போனால் ஆறு வாரத்தில் அவர் செய்த எல்லாம் பல்கலைக்கழகத்துடையதாகிவிடும். சட்டப் பிரிவிடம் பேசி அதை நீக்கி, 'படைப்பும் பதிப்புரிமையும் கலைஞருடையவை. கல்வி நோக்கத்துக்காகப் புகைப்படங்களைப் பயன்படுத்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு' என்று மாற்றுங்கள். பல்கலைக்கழகம் ஒரு படைப்பைத் தன் சேகரிப்புக்கு விரும்பினால் தனியாக விலை பேசட்டும்.

காலக் கணக்கை இந்த இடத்தில் சொல்வதுதான் பொருத்தம், இவ்வளவையும் படித்த பிறகுதான் அது நம்பும்படி இருக்கும். வெளிநாட்டுக் கலைஞர் என்றால் 18 மாதம் முன்னால் தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் அட்டவணைக்கும் கலைஞரோடு பேசுவதற்கும், அடுத்த மூன்று உள்வீட்டுக் கடிதங்களுக்கும், அடுத்த ஆறு வெளி விண்ணப்பங்களுக்கும் காத்திருப்புக்கும், கடைசி ஆறு விசாவுக்கும் ஒப்பந்தத்துக்கும். உள்நாட்டுக் கலைஞர் என்றால் 10 மாதம் போதும்.

படி 7: நடக்கும்போதும் முடிந்த பிறகும்

அட்டவணையைக் காப்பாற்றுவதுதான் இப்போது உங்கள் வேலை. கலைஞர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் வேறு துறைகளிலிருந்து அழைப்புகள் வரும். 'ஒரே ஒரு மணி நேரம்தான்' என்பார்கள். அப்படி ஆறு மணி நேரம் சேர்ந்தால் செவ்வாய்க்கிழமை போயிற்று. அழைப்புகளைக் கலைஞருக்கு நேரடியாகப் போகவிடாமல் உங்களிடம் வரும்படி செய்யுங்கள். கலைஞர்கள் மறுக்கத் தயங்குவார்கள், நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

வாரத்துக்கு ஒரு முறை நான்கு வரி குறிப்பு எழுதி வையுங்கள்: யார் வந்தார்கள், என்ன நடந்தது, என்ன செலவானது. புகைப்படங்களுக்குத் தேதி போடுங்கள். நல்கை அறிக்கை எழுதும்போது இந்தக் குறிப்புகளே பாதி அறிக்கை. கலைஞர் கிளம்பிய இரண்டு வாரத்துக்குள் அறிக்கையை முடித்து, பணம் கொடுத்த ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அவர்கள் பணம் எந்தக் கட்டத்துக்குப் போனது என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். சிறிய தொகை கொடுத்த டீனுக்கும் தான். அடுத்த ஆண்டு முதலில் போய் நிற்கப்போவது அவர் வாசலில்.

தொடர்ந்து நடத்த நினைத்தால்

இரண்டு மூன்று முறை நன்றாக நடந்துவிட்டால் 'இதற்கென்று ஒரு நிதியம் வைத்தால் என்ன?' என்ற பேச்சு வரும். 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் பரதநாட்டியக் கலைஞர் த. பாலசரஸ்வதியை அழைத்தது, அவர் தம்பி மிருதங்கக் கலைஞர் த. ரங்கநாதன் 1963-இல் அங்கே கற்பிக்கத் தொடங்கினார். வந்து போவதாகத் தொடங்கியது பல்லாண்டுகள் நீடித்த இசைக் கல்வியாக வளர்ந்தது. அப்படி நீடிக்கப் பணத்துக்கும் நிலையான ஓர் ஊற்று வேண்டும்.

கணக்கு எளிமையானது. பல்கலைக்கழகங்கள் வைப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதத்தை எடுத்துச் செலவழிப்பது பரவலான வழக்கம். 4 சதவீதம் என்றால், ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு தொகை முதலாக இருக்க வேண்டும். 5 என்றால் 20 மடங்கு. மலைப்பாக இருக்கிறதா? ஆண்டுதோறும் என்பதை விட்டு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்தால் தேவைப்படும் முதல்தொகை பாதியாகிவிடும். முழுச் செலவுக்கு என்பதை விட்டு மதிப்பூதியத்துக்கு மட்டும் என்று வைத்தால் அதற்கும் கீழே வரும். கூட நேரத்துக்கான பணம் நிரந்தரமாகிவிட்டால் மற்றதை ஆண்டுக்காண்டு பொறுக்கிக்கொள்ளலாம்.

நன்கொடைப் பத்திரம் எழுதும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். 'எண்ணெய் வண்ண ஓவியர் ஒருவரை' என்று எழுதிவிட்டால், நாளைக்கு ஒலிக்கலைஞரையோ நடனக்காரரையோ அழைக்க முடியாது, பத்திரத்தை மாற்றுவது லேசுப்பட்ட காரியமும் அல்ல. 'எந்தக் கலை வடிவத்திலும் பணிபுரியும் ஒரு கலைஞர்' என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே, வேலை நேரத்தில் குறைந்தது பாதி அவருடைய சொந்தப் படைப்புக்கே என்ற வரியையும் அந்தப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.